ஆறு வாரம் தூக்கக் கூடாத கை

என் அண்ணனுடைய இதயத்தைப் பற்றி அவரைவிட எனக்குத்தான் அதிகம் தெரியும் என்று நான் பெருமை அடித்துக்கொண்டு திரிந்த காலம் உண்டு. தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடமாக ஈசிஜி எடுக்கிறேன். யாரைப் படுக்க வைத்தாலும், காகிதம் மெஷினை விட்டு முழுதாக வெளியே வருவதற்குள் கோளாறு என்ன என்று சொல்லிவிடுவேன். டாக்டர்களே சில நேரம் காகிதத்தை என் பக்கம் திருப்பி, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டுக் கேட்டே எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் ஏறிவிட்டது. கொஞ்சம் இல்லை, நிறையவே.

அண்ணன் திராட்சை விவசாயி. உத்தமபாளையம் தாண்டி மலையடியில் எங்கள் ஊர். பல தலைமுறையாக வேதக்காரக் குடும்பம், கத்தோலிக்கர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கோயிலில் இருக்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவர் பந்தலுக்குக் கீழேதான் இருப்பார். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பன்னீர் திராட்சைக் கொடியைத் தலைக்கு மேலே படரவிட்டிருக்கும் பந்தல். கவாத்து வெட்டுவது, துளிரைக் கம்பியில் சேர்த்துக் கட்டுவது, நெருக்கமான கொத்தில் காயைக் கத்தரித்து எடுப்பது, பழம் அறுப்பது என எல்லாமே அண்ணாந்து பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டு செய்கிற வேலை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஐம்பது வயதில் கழுத்து வலி வராவிட்டால்தான் ஆச்சரியம்.

எட்டு வருடத்துக்கு முன்பு, கவாத்துக்கு ஆள் சொல்லி வைத்திருந்த வாரத்தில், அண்ணன் பந்தலுக்குள் மயங்கி விழுந்தார். மதினி பக்கத்துத் தோட்டத்து ஆட்களைக் கூப்பிட்டு வேனில் ஏற்றி நேராக என்னிடம் கொண்டுவந்து சேர்த்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆஸ்பத்திரி என்றால் நான்தான். நான்தான் அண்ணனின் நெஞ்சில் பசை தடவி ஒயர் மாட்டினேன். காகிதம் ஒரு சாண் நீளம் வருவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. மேல் அறை தன் பாட்டுக்கு ஒழுங்காகத் துடித்தது. அந்தச் சேதி கீழ் அறைக்குப் போய்ச் சேரவில்லை. கீழ் அறை யாரும் சொல்லாமல் தானாகவே எப்போதோ ஒரு தடவை வேண்டாவெறுப்பாகத் துடித்துக்கொண்டிருந்தது. பேஸ்மேக்கர் வைத்தே தீர வேண்டும்.

எங்கள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு வழி இருக்கிறது என்றார். வழக்கமான வழி என்றால் ஒயரைக் கீழ் வலது அறையின் அடிநுனியில் கொண்டுபோய் வைப்பது. அரை மணி, முக்கால் மணி வேலை. நாளைக் காலையிலேயே இங்கேயே வைத்துவிடலாம். இன்னொன்று, அப்போதுதான் சில இடங்களில் செய்ய ஆரம்பித்திருந்த புது வழி. இதயத்துக்குள் மின்சாரம் ஓடுவதற்கென்று இயற்கையே போட்டு வைத்த பாதை இருக்கிறதல்லவா, ஒயரின் நுனியை அந்தப் பாதையிலேயே கொண்டுபோய் முடுக்குவது. அதற்கு மதுரைக்குப் போக வேண்டும். நேரம் பிடிக்கும். சில பேருக்கு இடம் சரியாக அகப்படாது. அகப்பட்டால் துடிப்பு கிட்டத்தட்ட இயற்கை மாதிரியே இருக்கும். பழைய வழியிலும் ஆயிரக்கணக்கான பேர் நன்றாகத்தான் இருக்கிறார்கள், வீட்டு ஆள் நீங்களே சொல்லுங்கள் என்றார்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். வாய்க்கால் வழியாக வருகிற தண்ணீர் வயல் முழுக்கச் சீராகப் பாயும். ஒரு மூலையில் வரப்பை உடைத்துவிட்டால் அது மண்ணில் ஊறி ஊறித்தான் மறுகோடிக்குப் போகும். பழைய வழி அப்படித்தான். அடிநுனியில் கிளம்பிய மின்சாரம் தசை வழியாக ஊர்ந்து போவதால் இதயத்தின் ஒரு பக்கம் முன்னாலும் மறுபக்கம் பின்னாலும் சுருங்கும். சுருங்குவதோடு வேலை முடிவதும் இல்லை. அடுத்த துடிப்புக்குள் தசை மறுபடியும் மின்சாரத்தைச் சேர்த்துக்கொண்டு தயாராக வேண்டும். சுருங்குவது வரிசை மாறினால் இந்தத் தேறுதலும் வரிசை மாறிப்போகும். ஈசிஜி காகிதத்தில் சுருங்குவதைக் காட்டுவது பெரிய கூம்பு. தேறுவதைக் காட்டுவது அதற்கடுத்து வரும் சின்ன மேடு. டி வேவ் என்போம். வருகிறவர்கள் எல்லோரும் கூம்பைத்தான் பார்ப்பார்கள். எனக்கு முதலில் மேட்டின் மேல்தான் கண் போகும்.

இவ்வளவு தெரிந்த நான், இங்கேயே வைத்துவிடுங்கள் சார் என்றேன்.

கவாத்துத் தள்ளிப்போகும், மதினி பயந்து போயிருக்கிறார், மதுரைக்கு அலைய வேண்டும் என்றெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. எங்கள் ஆஸ்பத்திரியில் நான் ஒரு ஆள். பேஸ்மேக்கர் வைக்கிற கேத் லேப் கதவை நானே திறந்துகொண்டு உள்ளே போவேன். நர்சுகள் அவரை என் அண்ணன் என்பதற்காகவே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். மதுரை என்றால் மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருக்கும் நூறு பேரில் நானும் ஒருத்தி. அந்த அற்ப ஆசைக்காகத்தான் அப்படிச் சொன்னேன். எழுதும்போதே கூசுகிறது.

வெளியே வந்ததும் அண்ணன் என்ன சொன்னார்கள் என்று கேட்டார்.

"இங்கனயே வைக்கிறதுதான் நல்லதுன்னு டாக்டர் சொன்னாக" என்றேன்.

"டாக்டர் சொன்னாச் சரி" என்றார் அவர்.

இந்த ஒரு பொய்யை நான் எட்டு வருடம் திருத்தவில்லை. முதலில் அதற்குத் தேவையும் இருக்கவில்லை. ஐந்தாறு வருடம் அண்ணன் நன்றாகத்தான் இருந்தார். அறுப்பு முடிந்தால் எங்கள் ஆஸ்பத்திரிக்கே ஒரு பெட்டி பழம் வரும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பேஸ்மேக்கரைச் சோதிக்கும்போது நான் ஈசிஜி எடுப்பேன். கூம்பு அகன்றும், மேடு அதற்கு எதிர்த்திசையில் கவிழ்ந்தும் இருக்கும். அந்த முறையில் அப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தாலும் ஒவ்வொரு தடவையும் அந்தக் காகிதத்தைச் சீக்கிரம் மடித்து வைத்துவிடுவேன்.

பிறகு அண்ணனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு வரப்பேற முடியவில்லை. சாயங்காலமானால் கால் வீங்கியது. எக்கோ எடுத்த டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். இதயம் பெருத்துவிட்டது, இறைக்கிற பலம் பாதியாகக் குறைந்துவிட்டது. அந்த இடத்திலிருந்து துடிக்க வைத்தால் சிலருக்கு வருடங்கள் போனபின் இப்படி ஆவதுண்டு, எல்லோருக்கும் இல்லை என்றார். பேட்டரியும் தீரப்போகிறது, மாற்றுகிற சமயத்திலேயே மதுரையில் புது வழியில் ஒயரை வைத்துவிட்டால் இதயம் தேறி வர நிறைய வாய்ப்பிருக்கிறது என்றார். நான் தலையாட்டினேன். எட்டு வருடத்துக்கு முன்பு நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு அது நினைவில் இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.

மதுரையில் மடியில் பையை வைத்துக்கொண்டு நடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மதினி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். இரண்டரை மணி நேரம் ஆனது. புது ஒயர் அந்த இயற்கைப் பாதையின் இடது கிளை ஓடுகிற நடுச்சுவருக்குள் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று அங்கிருந்த டாக்டர் வந்து சொன்னார். காகிதத்தைப் பார்க்கலாமா என்று கேட்டு வாங்கினேன். கூம்பு ஒடுங்கிக் கூராக நின்றது. அண்ணனுக்கு இவ்வளவு அழகான கூம்பை நான் பார்த்ததே இல்லை. நடையிலேயே நின்று அழுதேன்.

மேடு மட்டும் கவிழ்ந்தே இருந்தது. இதயத்துக்கு ஞாபகம் உண்டு, பழைய வரிசையிலேயே தேறிப் பழகிவிட்டது, வழி சரியாகிவிட்டது என்பது அதற்கு உறைக்கச் சில வாரம் பிடிக்கும், மேடு மெதுவாக நிமிரும் என்று அந்த டாக்டர் சொன்னார். நான் பாடத்தில் படித்ததுதான். ஆனால் அண்ணன் காகிதத்தில் அதைப் பார்க்கும்போது வேறு மாதிரி இருந்தது. தேறுதல் சீராகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னிடமே ஒப்படைத்தார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். கருவி இடது தோளுக்குக் கீழே இருப்பதால் ஆறு வாரம் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கவே கூடாது. தசை ஒயரை இறுகப் பிடித்துக்கொள்வதற்கு முன் அது கொஞ்சம் பின்னால் நழுவினாலும் இடம் மாறிப்போகும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டுச் சின்ன ஈசிஜி மெஷின் ஒன்றை எடுத்துக்கொண்டு தேனியிலிருந்து பஸ் ஏறுவேன். பூசை முடிந்து அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுப்பார். இடது கையை மதினி தன் பழைய சேலைக் கிழிசலால் கழுத்தோடு சேர்த்துத் தூளிபோலக் கட்டியிருப்பார். முதல் வாரமும் இரண்டாவது வாரமும் மேடு கவிழ்ந்தே கிடந்தது. மூன்றாவது வாரம் கொஞ்சம் ஆழம் குறைந்திருந்தது. நான்காவது வாரம் கிட்டத்தட்டத் தட்டையாகிவிட்டது. கோயில் படியை நிற்காமல் ஏறினேன் என்று அண்ணன் பெருமையாகச் சொன்னார். காகிதம் வெளியே வர வர, "என்னத்தா, மேடு எந்திரிச்சிருச்சா?" என்று கேலி செய்வார். சோம்பேறி மேடு, உங்களைப் போலத்தான் என்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வரும். டாக்டர் சொல்லவில்லை அண்ணே, நான்தான் சொன்னேன், அதனால்தான் உங்களுக்கு இவ்வளவும் என்று. அவர் உடம்பு முழுதாகத் தேறட்டும், மேடு நிமிரட்டும், அப்புறம் சொன்னால் பழைய கதையாகப் போய்விடும் என்று தள்ளிப்போட்டேன். தேறாத மனிதனிடம் சொன்னால் அது குற்றம், தேறியவனிடம் சொன்னால் வெறும் பேச்சு. அப்படி ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

ஐந்தாவது ஞாயிறு எனக்குச் சளிக் காய்ச்சல். போகவில்லை. ஆறாவது ஞாயிறு போனேன்.

காகிதம் வந்ததும் மெஷினில் கோளாறோ என்று ஒயர்களைக் கழற்றி மாட்டினேன். திரும்பவும் அதேதான் வந்தது. கூம்பு அகன்றுவிட்டது. பேஸ்மேக்கர் துடிக்க வைத்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் பாதையிலிருந்து இல்லை. ஒயர் நழுவித் தசைக்கு வந்துவிட்டது. தட்டையாகியிருந்த மேடு பழையபடி கவிழ்ந்து கிடந்தது.

"அண்ணே, கையத் தூக்குனீகளா?"

இல்லை என்றார். மதினி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் புரிந்துவிட்டது.

நடந்தது இதுதான். பத்து நாளில் தையல் பிரித்து, அந்த இடம் காய்ந்து தழும்பாகிவிட்டது. கொடியைக் கவாத்து வெட்டினால் வெட்டுவாயில் சொட்டுச் சொட்டாக நீர் வடியும். வடிவது நின்று வெட்டுவாய் காய்ந்துவிட்டால் இனி அந்தக் கொடிக்குப் பயமில்லை என்று எங்கள் ஊரில் கையைத் தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அண்ணன் தன் நெஞ்சையும் அப்படித்தான் பார்த்தார். கட்டியிருந்தது புண் ஆறுவதற்காக, புண் ஆறிவிட்டது. மதினியும் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆமாம், காய்ந்துவிட்டது என்றிருக்கிறார். நான் ஒயர், நடுச்சுவர், முடுக்கு என்று அவ்வளவு பாடம் நடத்தியிருந்தேன். உள்ளேயும் ஒரு வெட்டுவாய் இருக்கிறது, அது இன்னும் காயவில்லை என்று அவர்கள் பாஷையில் ஒரே ஒரு வரி சொல்லத் தோன்றவில்லை.

நான் வராத அந்த வாரம் காய் நறுக்க வந்த ஆட்கள் கொத்தைப் பாழாக்கிக்கொண்டிருந்தார்களாம். பார்த்துப் பொறுக்காமல் எழுந்து, கட்டை அவிழ்த்துவிட்டு, இப்படித்தான் என்று ஒரு கொத்தைக் காட்டப் போயிருக்கிறார். இடக்கையால் கொத்தை ஏந்தாமல் வலக்கையால் நறுக்க முடியாது. ஒரு கொத்து ஒரு வரிசையாகி, வரிசை அன்றைக்குச் சாயங்காலம் வரை போயிருக்கிறது.

நான் கத்தினேன். அறிவிருக்கிறதா என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டேன். என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஒரு கொத்துக் காய் பெரிதா, உயிர் பெரிதா, இத்தனை பேர் பாடுபட்டதை ஒரே நாளில் நாசமாக்கிவிட்டீர்களே என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். தேள் கொட்டியது போல அவர் சுருண்டு போனார். நான் யாரைத் திட்டுகிறேன் என்று எனக்கு உள்ளூரத் தெரிந்தே இருந்தது. அதனாலேயே இன்னும் சத்தமாகத் திட்டினேன்.

அண்ணன் எழுந்து உட்கார்ந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். பொத்தானைத் தப்பான ஓட்டையில் மாட்டினார்.

"டாக்டரு அன்னைக்கும் நல்லதத்தான் சொன்னாக, இன்னைக்கும் நல்லதத்தான் சொன்னாக. நாந்தேன் கேக்காமக் கெடுத்துட்டேன். என்னய மன்னிச்சிரு ஆத்தா."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அதைவிட நல்ல சமயம் எனக்கு வாய்த்திருக்காது. கட்டிலின் மறுமுனையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"சரி விடுங்க" என்றேன்.

மதுரைக்குப் போன் செய்தேன். ஒயரைத் திரும்ப உள்ளே வைத்துவிடலாம், பயப்பட வேண்டாம் என்று பத்து நாள் தள்ளி ஒரு புதன்கிழமை வரச் சொன்னார்கள். அண்ணன் கையைத் தானே கேட்டுக் கட்டிக்கொண்டாராம். குளிக்கும்போதுகூட அவிழ்க்க விடவில்லையாம். அந்தப் புதனுக்கு முந்தின சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். மதினி காபியை ஆற்றிக்கொண்டு வந்து பார்த்தபோது அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்திருந்தார்.

பேஸ்மேக்கரில் பதிவாகியிருந்ததை எங்கள் டாக்டர் பார்த்தார். கருவி கடைசி வரை சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. இதயமே தறிகெட்டு ஓடியிருக்கிறது. பலமிழந்த இதயத்தில், தேறுதல் சீராக இல்லாதபோது அப்படி நடக்கலாம் என்றார். ஒயர் நழுவியதால்தானா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். முன்பே புது வழியில் வைத்திருந்தால் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனபின் மதினியும் நானும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். மதினி கையை நிறுத்தாமலே பேச ஆரம்பித்தார். நான் கத்திவிட்டுப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே அண்ணன் கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணினாராம். வருடத்துக்கு ஒரு தடவை ஈஸ்டருக்கு முன்னால் போவதே மதினி விரட்டி விரட்டித்தான். தானாகப் போனது ஆச்சரியமாக இருக்கவும், திரும்பி வந்ததும் அப்படி என்ன பாவம் என்று மதினி கேட்டிருக்கிறார்.

"தங்கச்சி எட்டு வருசமாப் பாத்துப் பாத்துக் காப்பாத்துன உசுர, ஒரு கொத்துக்கு ஆசப்பட்டுக் கெடுத்துட்டேன்னு சொன்னேன்னாக" என்றார் மதினி.

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன். அன்றைக்கு டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு வழியில் எது என்று என்னைத்தான் கேட்டார், மதுரைக்குப் போக எனக்கு மனமில்லை, நான்தான் இங்கேயே வைக்கச் சொன்னேன், பழியை டாக்டர் மேல் போட்டேன் என்று மதினியிடம் சொன்னேன். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மதினி குழாயை மூடினார். என்னைத் திட்டுவார், அல்லது அழுவார் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"இத அவுக இருக்கப்பவே சொல்லிருக்கலாம்ல ஆத்தா. ரெண்டு பேரும் தப்புப் பண்ணிருக்கோம்னு சிரிச்சிருப்பாக. இப்படி அந்தப் பாவத்த ஒத்தையில தூக்கிக்கிட்டுப் போயிருக்க மாட்டாகல்ல."